உறைந்து பிழைக்கும் கம்பளிப்பூச்சி: ஊலி பேரும் குளிர்காலக் கணிப்பும்

அக்டோபர் மாதம் ஒஹாயோ, பென்சில்வேனியா, நியூயார்க் மாநிலங்களின் கிராமத்துச் சாலைகளில் ஒரு கம்பளிப்பூச்சி அவசரமாகக் குறுக்கே ஊர்ந்து போவதைப் பார்க்கலாம். சுமார் ஐந்து சென்டிமீட்டர் நீளம். இரண்டு முனைகளும் கறுப்பு, நடுவில் செம்பழுப்புப் பட்டை. உடம்பு முழுக்கக் குட்டையான, விறைப்பான, ஒரே சீராக வெட்டி விட்டது போன்ற முடி. அமெரிக்காவின் வடகிழக்கிலும் மத்திய மேற்கிலும் இதை 'ஊலி பேர்' என்கிறார்கள், அதாவது கம்பளிக் கரடி. தென் மாநிலங்களில் 'ஊலி வோர்ம்'.

வரப்போகும் குளிர்காலம் எப்படி இருக்கும் என்பதை இந்தப் புழுவின் நிறத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம் என்பது அங்கே தலைமுறைகளாக இருக்கும் நம்பிக்கை. நடுவிலுள்ள பழுப்புப் பட்டை அகலமாக இருந்தால் குளிர் லேசாக இருக்கும். கறுப்பு கூடுதலாக இருந்தால் கடுங்குளிர். இன்னும் நுணுக்கமாகப் பார்ப்பவர்களும் உண்டு. புழுவின் உடலில் 13 கண்டங்கள், அதாவது வளையம் வளையமான பகுதிகள்; குளிர்காலத்தில் 13 வாரங்கள். ஆகவே தலைப்பக்கக் கண்டம் டிசம்பர் கடைசி வாரத்தையும், வால்பக்கக் கண்டம் மார்ச் நடுவையும் குறிக்கும் என்று வாரம் வாரமாகப் பலன் சொல்வார்கள். புழு தெற்கே பார்த்து ஊர்ந்தால் குளிருக்குப் பயந்து ஓடுகிறது என்பார்கள். முடி அடர்த்தியாக இருந்தால் பனி அதிகம் என்பார்கள்.

இந்த நம்பிக்கைக்கு அடியில் ஓர் எண்ணம் இருக்கிறது: இவ்வளவு சின்ன உயிர் அவ்வளவு பெரிய குளிரைத் தாண்ட வேண்டுமானால், முன்கூட்டியே ஏதோ தெரிந்திருக்க வேண்டும் என்பது. அந்த எண்ணம்தான் தவறு. குளிர் எவ்வளவு கடுமையாக வரும் என்று தெரிந்துகொள்ளும் தேவையே இல்லாத உடல் இந்தப் புழுவுக்கு வாய்த்திருக்கிறது. அது குளிரிலிருந்து தப்பி ஓடுவதில்லை. தன் இரத்தம் பனிக்கட்டியாவதற்கு இடம் கொடுத்து, அந்த நிலையிலேயே மாதக்கணக்கில் கிடந்து, வசந்தத்தில் இளகி எழுந்து மேயப் போகிறது. நிறத்தைவிட இது எவ்வளவோ பெரிய அதிசயம்.

முட்டையிலிருந்து சருகு வரை

இதன் விலங்கியல் பெயர் பிர்ரார்க்டியா இசபெல்லா. 1797-இல் ஜேம்ஸ் எட்வர்ட் ஸ்மித் இதை விவரித்துப் பெயரிட்டார். வளர்ந்தபின் இசபெல்லா டைகர் மாத் என்ற மஞ்சளும் ஆரஞ்சும் கலந்த அந்துப்பூச்சியாகிறது. கனடாவின் தென்பகுதி, அமெரிக்காவின் பெரும்பகுதி, மெக்சிகோவின் வடபகுதி வரை பரவியிருக்கிறது. பல பகுதிகளில் ஆண்டுக்கு இரண்டு தலைமுறை. வசந்தத்தின் கடைசியில் பறக்கும் பூச்சிகள் இட்ட முட்டையிலிருந்து வருவது கோடைத் தலைமுறை. கோடையில் பறப்பவை இட்ட முட்டையிலிருந்து வருவதுதான் இலையுதிர் காலத்தில் நாம் சாலையில் பார்க்கும் தலைமுறை.

தீனியில் இதற்குப் பெரிய பிடிவாதம் கிடையாது. டான்டெலியன், குளோவர், புல்தரையில் களையாக முளைக்கும் பிளான்டைன், சூரியகாந்தி, ஆஸ்டர், மேப்பிள், பிர்ச் என்று பலவற்றையும் தின்னும். ஒரே பயிரில் கூட்டமாக விழுந்து மொட்டையடிக்கும் வழக்கம் இல்லாததால் இதை யாரும் பெரிய பூச்சித் தொல்லையாகக் கருதுவதில்லை.

தொட்டால் அரிக்குமா என்பது தமிழ் வாசகருக்கு உடனே எழும் கேள்வி. முருங்கை மரத்துக் கம்பளிப்பூச்சியால் தடித்து வீங்கிய கையோடு வளர்ந்தவர்கள் நாம். ஊலி பேரின் முடியில் நஞ்சு இல்லை. அமெரிக்கப் பள்ளிக் குழந்தைகள் கையில் எடுத்து விளையாடுகிறார்கள். தொட்டதும் சுருண்டு உருண்டையாகிவிடும். மென்மையான தோல் உள்ள சிலருக்கு மட்டும் முடி குத்தி லேசாகச் சிவந்து போகும். ஆனால் முடியுள்ள புழு எல்லாமே இப்படித்தான் என்று நினைத்துக்கொள்ளக் கூடாது. அதே காடுகளில் திரியும் ஹிக்கரி டசக் மாத் என்ற பூச்சியின் வெள்ளைப் புழு நன்றாகவே அரிப்பு உண்டாக்கும்.

செப்டம்பரிலும் அக்டோபரிலும் பகல் குறுகி, இரவு குளிரத் தொடங்கியதும் முழு வளர்ச்சி பெற்ற புழு மேய்வதை நிறுத்திவிட்டு இடம் தேடிப் புறப்படுகிறது. சாலையைக் கடப்பது இதற்காகத்தான். அது தெற்கும் போகும், வடக்கும் போகும். திசை பார்த்துப் போவதில்லை. இலைச்சருகு, விழுந்து மக்கும் மரத்தின் அடி, பட்டையின் இடுக்கு, கல்லுக்கடி, விறகுக் குவியல் எது கிடைத்தாலும் உள்ளே நுழைந்து சுருண்டுகொள்ளும். பல அந்துப்பூச்சிகள் முட்டையாகவோ கூட்டுப்புழுவாகவோ குளிரைக் கழிக்கும். இது புழுவாகவே கழிக்கிறது.

கம்பளி எதற்கு

இந்த முடிதான் குளிரைத் தடுக்கிறது என்று பலரும் நம்புகிறார்கள். கம்பளி போர்த்திய மனிதன் கதகதப்பாக இருப்பதற்குக் காரணம், உள்ளே இருக்கும் உடல் ஓயாமல் வெப்பம் உண்டாக்குவதுதான். போர்வை அதைப் பிடித்து வைக்கிறது, அவ்வளவே. சருகுக்குள் கிடக்கும் புழு சொந்தமாக வெப்பம் எதையும் உண்டாக்குவதில்லை. சுற்றிலும் மைனஸ் 10 டிகிரி என்றால் கொஞ்ச நேரத்தில் அதன் உடலும் மைனஸ் 10 டிகிரிதான். முடி செய்வதெல்லாம் அந்த இறக்கத்தைச் சற்றுத் தாமதப்படுத்துவதும், எறும்பு, சிலந்தி, பறவை போன்றவற்றை எட்டி நிறுத்துவதும்தான். முடி அடர்த்தியை வைத்துக் குளிரின் கடுமையைச் சொல்ல முயல்வது இந்த இடத்திலேயே அடிபட்டுப் போகிறது.

பனிப்பிரதேசத்துப் பூச்சிகள் குளிரைச் சமாளிக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, உறைவதையே தவிர்ப்பது. உடலிலுள்ள நீர் பூச்சியம் டிகிரிக்குக் கீழே போயும் பனிக்கட்டியாகாமல் திரவமாகவே இருக்கும்படி பார்த்துக்கொள்வது. இதில் ஓர் ஆபத்து இருக்கிறது. தாங்கும் எல்லையைத் தாண்டினால் உடல் முழுவதும் நொடிகளில் உறைந்துவிடும். அதற்குப்பின் உயிர் இல்லை. இன்னொரு வழி, உறைவதை ஏற்றுக்கொண்டு அதைக் கட்டுப்பாட்டில் வைத்திருப்பது. ஊலி பேர் இரண்டாம் வகை.

கட்டுப்பாடு என்பதன் பொருள் இதுதான்: பனிக்கட்டி எங்கே உருவாகிறது, எவ்வளவு வேகமாக உருவாகிறது என்பவை முக்கியம். செல்லுக்கு உள்ளே படிகம் வளர்ந்தால் அது சவ்வைக் கிழித்துவிடும். அதனால் செல்களுக்கு வெளியே, இரத்தத்தில்தான் பனி உருவாக வேண்டும். பூச்சியம் டிகிரிக்குச் சில டிகிரி கீழேயே, அவசரமில்லாமல், மெதுவாக உருவாக வேண்டும். திடீரென்று நடந்தால் உள்ளே இருக்கும் செல்லுக்குத் தன்னைச் சரிசெய்துகொள்ள நேரம் கிடைக்காது.

இரத்தத்தில் பனி உருவாகும்போது நீர் மட்டும்தான் படிகமாகிறது. அதில் கரைந்திருந்த உப்பும் சர்க்கரையும் மிச்சமுள்ள திரவத்தில் செறிந்துகொண்டே போகின்றன. உப்புப் பிசறிய மாங்காய்த் துண்டு நீர் விடுவதைப்போல, அந்தச் செறிந்த திரவம் பக்கத்திலுள்ள செல்களிலிருந்து நீரை இழுக்கிறது. செல் சுருங்குகிறது. ஓரளவு சுருங்கினால் பாதகமில்லை. அளவுக்கு மீறிச் சுருங்கினால் சவ்வுகள் ஒன்றோடொன்று ஒட்டிச் சிதைந்துவிடும்.

இந்த இடத்தில்தான் கிளிசரால் வருகிறது. மருந்துக்கடையில் கிளிசரின் என்று கிடைக்கிறதே, அதே பொருள். கோடை முழுக்கத் தின்று சேர்த்த கிளைகோஜன் என்ற சேமிப்பு மாவுச்சத்தைப் புழுவின் உடல் இலையுதிர் காலத்துக் குளிரில் கிளிசராலாக மாற்றுகிறது. கிளிசரால் செல்லுக்குள்ளும் வெளியிலும் நிறைந்துவிடுவதால், அதே குளிரில் பனியாக மாறும் நீரின் அளவு குறைகிறது. செல்லும் குறைவாகவே சுருங்குகிறது. கார் ரேடியேட்டரில் ஊற்றும் திரவம் மாதிரி உறையாமல் தடுக்கும் பொருள் என்றே இதைப் பலர் எழுதுகிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் அது பொருந்தாது. ஒரு கிலோ நீரில் ஒரு மோல் கிளிசரால், அதாவது சுமார் 92 கிராம் கரைந்தால் உறைநிலை 1.86 டிகிரிதான் இறங்கும். மைனஸ் 15 டிகிரிக்கு அது எந்த மூலைக்கு? கிளிசராலின் உண்மையான வேலை, உறைதல் நடக்கும்போது செல் காய்ந்து போகாமல் காப்பது.

முழுதாக உறைந்த புழுவைக் கையில் எடுத்தால் கல் போல இருக்கும். தட்டினால் ஓசை கேட்கும். உடலின் வேலைகள் ஏறக்குறைய நின்றுபோயிருக்கும். மெதுவாக இளகினால் சில மணி நேரத்தில் கால்கள் அசையத் தொடங்கும்.

மிதமான குளிர்காலம்தான் எமன்

இலைச்சருகுக்கு மேல் ஒரு முழ உயரம் பனி விழுந்து கிடந்தால் புழுவுக்கு நல்லது. வெளிக்காற்று மைனஸ் 20 டிகிரி ஆனாலும், அந்தப் பனிப் போர்வைக்கு அடியில் தரையின் வெப்பம் பூச்சியத்துக்குச் சற்றுக் கீழேதான் நிற்கும்; இரவுபகல் ஏற்ற இறக்கமும் அங்கே எட்டாது. பனி விழாத, வெயில் எட்டிப் பார்க்கிற 'லேசான' குளிர்காலத்தில் நிலைமை வேறு. பகலில் இளகி, இரவில் உறைந்து, மறுநாள் மறுபடி இளகி, மறுபடி உறைந்து கிடக்க வேண்டியிருக்கிறது.

இது எவ்வளவு கெடுதல் என்பதைக் கனடாவின் வெஸ்டர்ன் ஒன்டாரியோ பல்கலைக்கழகத்தில் கேட்டி மார்ஷலும் பிரென்ட் சின்க்ளேரும் அளந்து, 2011-இல் வெளியிட்டார்கள். சோதனையின் அமைப்பே அழகானது. ஒரு குழுப் புழுக்களை ஒரே தடவையில் 35 மணி நேரம் உறைய வைத்தார்கள். இன்னொரு குழுவை ஏழு மணி நேரம் வீதம் ஐந்து தடவை. உறைந்திருந்த மொத்த நேரம் இரண்டுக்கும் ஒன்றே. மாறியது உறைந்து இளகிய தடவைகளின் எண்ணிக்கை மட்டும். ஐந்து தடவை உறைந்த குழுவில் இறப்பு ஏறக்குறைய 30 விழுக்காட்டுக்கு உயர்ந்தது. கழிவை வடிக்கும் மால்பீஜியன் குழல்களிலும் இரத்த அணுக்களிலும் சேதம் கூடியிருந்தது. தப்பியவை கிளிசராலை லிட்டருக்கு 0.82 மோல் கூட்டியிருந்தன. அடி விழ விழ உடல் பாதுகாப்பைப் பெருக்கிக்கொள்கிறது, ஆனாலும் சேதம் சேர்ந்துகொண்டே போகிறது என்பது இதன் பொருள்.

ஆக, நாட்டுப்புற நம்பிக்கையில் 'லேசான குளிர்' நல்ல செய்தி. புழுவின் கணக்கில் சீரான, பனி மூடிய, நீண்ட குளிர்தான் நல்ல செய்தி. இளவெப்பத்தில் இன்னொரு இழப்பும் உண்டு: உடல் விழித்துக்கொண்டால் சேமிப்பு கரையும், வெளியிலோ தின்ன ஓர் இலை இருக்காது. பிரிட்டனில் ஊலி பேர் என்றே அழைக்கப்படும் வேறொரு புழு இருக்கிறது. கார்டன் டைகர் மாத் என்ற ஆர்க்டியா காஜாவின் புழு. ஒரு காலத்தில் எல்லாத் தோட்டங்களிலும் இருந்தது. இன்று வெகுவாகக் குறைந்துவிட்டது. விளக்குப் பொறிகளில் பல பத்தாண்டுகளாக எடுத்த எண்ணிக்கையை ஆராய்ந்தவர்கள், ஈரமும் வெதுவெதுப்புமான குளிர்காலங்களோடு அந்தச் சரிவைச் சேர்த்துக் காட்டியிருக்கிறார்கள்.

வடதுருவத்துப் பங்காளி

குளிரைத் தாங்குவதன் எல்லை எது என்று பார்க்க வேண்டுமானால் கனடாவின் எல்ஸ்மியர் தீவுக்குப் போக வேண்டும். அங்கே வாழும் ஆர்க்டிக் ஊலி பேர், அதாவது கைனிபோரா குரோன்லாண்டிகா, இசபெல்லாவின் நெருங்கிய சொந்தம் அல்ல. ஒரே குடும்பத்தின் வேறு கிளை. மைனஸ் 70 டிகிரி வரை தாங்கும் என்று காட்டியிருக்கிறார்கள். ஆண்டில் பத்து மாதத்துக்கும் மேல் உறைந்தே கிடக்கிறது.

அதற்குக் கிடைக்கும் மேய்ச்சல் பருவம் பெரும்பாலும் ஜூன் மாதம் மட்டுமே. முக்கியத் தீனி தரையோடு படரும் ஆர்க்டிக் வில்லோ. அந்தக் கொஞ்ச நாளிலும் நேரத்தில் சுமார் 60 விழுக்காட்டை வெயில் காய்வதில் செலவிடுகிறது. தின்பதற்கும் நகர்வதற்கும் ஆளுக்கு 20 விழுக்காடு. வெயிலில் கிடக்கும்போது அதன் உடல் வெப்பம் சூழலைவிட 20 டிகிரி வரை கூடும். கம்பளி இங்கே உண்மையாகவே பயன்படுகிறது, காரணம் பிடித்து வைக்க வெயிலின் சூடு இருக்கிறது. ஜூலை தொடங்கி, வெயில் இன்னும் நன்றாக அடித்துக்கொண்டிருக்கும்போதே மேய்வதை விட்டுவிட்டுப் பட்டுக்கூட்டுக்குள் புகுந்துவிடும். ஒட்டுண்ணிக் குளவிகளும் ஈக்களும் மும்முரமாகத் திரியும் நேரம் அது. குளிருக்குத் தயாராகும்போது செல்களுக்குள் ஆற்றல் உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியாவையே சிதைத்துக் குறைத்துக்கொள்கிறது. இப்படி ஆண்டுக்குச் சில வாரம் மட்டும் தின்று புழுப் பருவத்தை முடிக்க எத்தனை ஆண்டு? முதலில் 14 என்று மதிப்பிட்டார்கள். எல்ஸ்மியரின் அலெக்சாண்ட்ரா ஃபியோர்டில் மீண்டும் ஆய்ந்து 1998-இல் வெளியான கணக்கு அதை ஏழாகத் திருத்தியது. 14 என்ற பழைய எண் இன்னும் பல இடங்களில் உலவுகிறது.

நம் ஊர் மானாவாரி நிலக்கடலையை அழிக்கும் சிவப்புக் கம்பளிப்புழு இசபெல்லாவுக்கு இதைவிட நெருங்கிய உறவு. இரண்டும் டைகர் மாத் கிளையைச் சேர்ந்தவை. அது தாண்ட வேண்டியது குளிரை அல்ல, வறண்ட மாதங்களை. கூட்டுப்புழுவாக மண்ணுக்குள் பல மாதம் கிடந்து, மழை விழுந்ததும் அந்துப்பூச்சியாக வெளியே வரும். கோடை உழவு செய்து கூட்டுப்புழுவை மேலே புரட்டி வெயிலுக்கும் பறவைக்கும் கொடுப்பதும், மழைக்குப் பிந்தைய இரவுகளில் விளக்குப் பொறி வைப்பதும் இந்த வாழ்க்கை முறையை அறிந்து செய்யப்படும் வேலைகள்.

கரன் எண்ணிய பழுப்புக் கண்டங்கள்

நம்பிக்கை பழையதுதான். ஆனால் அது அமெரிக்கா முழுக்கப் பரவியதற்கு ஒரு விஞ்ஞானியே காரணமானார். நியூயார்க்கிலுள்ள அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் பூச்சிகள் பிரிவின் பொறுப்பாளர் சி. ஹெச். கரன். 1948 இலையுதிர் காலத்தில் நகரத்துக்கு வடக்கே சுமார் 65 கிலோமீட்டரில் உள்ள பேர் மவுன்டன் பூங்காவுக்கு மனைவியோடு போனார். ஒரு நாளில் கிடைத்த புழுக்களைச் சேகரித்து, ஒவ்வொன்றிலும் எத்தனை கண்டம் பழுப்பு என்று எண்ணி, சராசரி போட்டு, வரும் குளிர் எப்படி இருக்கும் என்று சொன்னார். நியூயார்க் ஹெரால்டு ட்ரிப்யூன் அதைச் செய்தியாக்கியது. அடுத்த சில ஆண்டுகளும் இலையுதிர் காலத்தில் இந்த எண்ணிக்கை தொடர்ந்தது. பழுப்புக் கண்டங்களின் சராசரி 5.3-க்கும் 5.6-க்கும் இடையில் நின்றது. 13-இல் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். அந்த ஆண்டுகளின் குளிரும் பெரும்பாலும் மிதமாகவே இருந்தது. நம்பியவர்களுக்கு அது போதுமாக இருந்தது. தன் மாதிரி மிகச் சிறியது, அதை வைத்து எதையும் நிறுவ முடியாது என்பது கரனுக்கே நன்றாகத் தெரியும்.

அந்த எண்களை இன்று நிதானமாகப் பார்த்தால், இத்தனை ஆண்டுகளிலும் சராசரி நகர்ந்தது ஒரு கண்டத்தில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஒரே தாய் இட்ட முட்டைகளிலிருந்து ஒரே செடியில் வளர்ந்த புழுக்களுக்கு இடையிலேயே இதைவிடப் பெரிய வித்தியாசம் இருக்கும். ஒரே குளிரைச் சந்திக்கப்போகும் உடன்பிறப்புகள் வேறு வேறு கணிப்பு சொன்னால் எதை ஏற்பது?

நிறம் உண்மையில் எதைக் காட்டுகிறது என்றால், நடந்து முடிந்ததை. புழு முழு வளர்ச்சிக்குள் சுமார் ஆறு முறை தோலுரிக்கிறது. ஒவ்வொரு உரிப்பிலும் கறுப்பு குறைந்து பழுப்பு கூடுகிறது. எனவே அகலமான பழுப்பு என்றால் வயது கூடிய புழு, அதாவது சீக்கிரம் வாழ்க்கையைத் தொடங்கிய புழு. ஈரமான இடத்தில் வளர்ந்தவற்றில் கறுப்பு சற்றுக் கூடுதல். வசந்தம் முந்தி வந்ததா, பருவம் எப்படிப் போனது என்ற பழைய செய்தி அந்தப் பட்டையில் கொஞ்சம் பதிந்திருக்கலாம். வரப்போகும் ஜனவரியைப் பற்றி அதில் எதுவும் இல்லை.

13 என்ற எண்ணும் அப்படித்தான். தலைக்குப் பின்னால் மார்பில் மூன்று, வயிற்றில் பத்து என்பது அந்துப்பூச்சி, வண்ணத்துப்பூச்சிப் புழுக்கள் அனைத்துக்கும் பொதுவான அமைப்பு. பட்டுப்புழுவுக்கும் 13 கண்டம்தான். குளிர்காலமே இல்லாத ஊரில் எலுமிச்சை இலையைத் தின்னும் புழுவுக்கும் 13 கண்டம்தான்.

தவறான புழுவைப் பார்த்துப் பலன் சொல்வதும் நிறைய நடக்கிறது. முழுக் கறுப்பாக, சுருண்டால் கண்டங்களுக்கு நடுவே சிவப்பு வளையம் தெரிகிற புழு ஒன்று உண்டு. ஜெயன்ட் லெப்பர்ட் மாத்தின் புழு அது. அதைப் பார்த்து 'இந்த வருஷம் பழுப்பே இல்லை, கொடுங்குளிர்' என்று பதறுவார்கள். முழுக்க மஞ்சளாகவோ வெள்ளையாகவோ இருப்பது பெரும்பாலும் யெல்லோ பேர் என்ற வேறோர் இனம். அவை எந்தக் குளிருக்கும் அதே நிறம்தான்.

தட்டான் தாழப் பறந்தால் மழை, எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு மேடு ஏறினால் மழை என்று நம் கிராமங்களில் சொல்வதையும் இதையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. அவை சில மணி நேரத்தைப் பற்றிப் பேசுபவை. காற்றின் ஈரமும் அழுத்தமும் அந்தச் சமயத்தில் மாறுவதைப் பூச்சி உணர்ந்திருக்க ஒரு வழியாவது இருக்கிறது. மூன்று மாதம் கழித்து வரும் வானிலையை உணர, அக்டோபர் மாதத்துக் காற்றில் புழுவுக்குப் பிடிமானம் எதுவும் இல்லை.

திருவிழாக்களை இந்தக் குறையால் மதிப்பிட வேண்டியதில்லை. கிளீவ்லாந்து தொலைக்காட்சியில் வானிலை சொன்ன டிக் காடர்ட் 1973-இல் ஒஹாயோவின் பர்மிங்காமில் தொடங்கிய ஊலிபேர் விழா, 1981-இல் வெர்மிலியன் ஊருக்கு மாறி, ஊர்வலமும் புழு வேடமிட்ட குழந்தைகளுமாகப் பெரிய கொண்டாட்டமாகிவிட்டது. வடக்குக் கரோலினாவின் பேனர் எல்க்கில் 1978 முதல் அக்டோபரில் விழா. அங்கே புழுக்களைச் செங்குத்தாகக் கட்டிய நூலில் ஏறவிட்டுப் பந்தயம் நடக்கும். வென்ற புழுவின் 13 கண்டங்களைப் படித்துக் குளிர்காலத்துக்குப் பலன் சொல்வார்கள். ஓர் ஊரே கூடி ஒரு புழுவைக் குனிந்து உற்றுப் பார்ப்பது நல்ல வழக்கம் என்றே நினைக்கிறேன். பந்தயம் முடிந்ததும் புழுவை வாகன நிறுத்தத்தில் போட்டுவிடாமல் சருகுள்ள இடத்தில் விட்டால் இன்னும் நல்லது.

ஒரு புழுவைக் குளிர் தாண்ட வைப்பது

வட அமெரிக்காவில் குழந்தைகளோடு வாழ்பவர்களுக்கு இது எளிதில் செய்யக்கூடிய வேலை. தோற்பவர்கள் எல்லாரும் ஏறக்குறைய ஒரே காரணத்தால்தான் தோற்கிறார்கள்: அன்பினால் புழுவை வீட்டுக்குள் வைத்துக்கொள்கிறார்கள்.

நாலைந்து லிட்டர் பிடிக்கும் வாளி அல்லது பிளாஸ்டிக் பெட்டி போதும். அடியில் நாலு விரல் உயரத்துக்குத் தோட்ட மண், அதன்மேல் ஒரு சாண் காய்ந்த மேப்பிள், ஓக் சருகு, நடுவே ஒரு மரப்பட்டைத் துண்டு. நீர் தேங்காதபடி அடியில் சிறு துளைகள் போட வேண்டும். வாயைக் கம்பிவலையால் மூட வேண்டும். மெல்லிய துணியைக் கடித்துத் துளைத்துக்கொண்டு வெளியேறிவிடக்கூடும். இலையுதிர் காலத்தில் பிடித்த புழு இன்னும் தின்கிறதா என்று டான்டெலியன் இலை போட்டுப் பார்க்கலாம். தின்னாமல் திரும்பத் திரும்பச் சுற்றிக்கொண்டே இருந்தால் அது இடம் தேடுகிறது. தீனியை எடுத்துவிட்டுச் சருகைப் போட்டால் உள்ளே போய்விடும்.

பெட்டியை வீட்டின் வடக்குப் பக்கம், வெயில் படாத, மழை நேராக விழாத இடத்தில் வைக்க வேண்டும். வெப்பமூட்டாத கொட்டகையும் சரி. சருகு தொட்டால் லேசாகச் சில்லென்று ஈரமாக இருக்க வேண்டும். முழுதும் காய்ந்துவிட்டால் சிறிது தெளிக்கலாம். சொதசொதவென்று இருந்தால் பூசணம் பிடித்துப் புழு அழுகிவிடும். கண்ணாடி ஜாடியை ஜன்னலோரம் வைப்பதுதான் மிக மோசம்; பகல் வெயிலில் உள்ளே சூடேறி, இரவில் உறைந்து, மார்ஷல் - சின்க்ளேர் சோதனையைத் தினமும் நடத்தியது போலாகும். குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் அதன் வறண்ட காற்று புழுவை உலர்த்திவிடும். வரவேற்பறையில் வைத்தால் விழித்தபடியே சேமிப்பைக் கரைத்துப் பட்டினியால் சாகும், இல்லாவிட்டால் நடுக்குளிரில் கூடு கட்டி, ஜோடி கிடைக்காத ஜனவரியில் அந்துப்பூச்சியாக வெளிவரும்.

ஜனவரியில் கல்லாகக் கிடப்பதைப் பார்த்து உயிர் இருக்கிறதா என்று உள்ளே கொண்டுவந்து இளக்கிப் பார்க்கும் ஆசை வரும். அதைச் செய்யக் கூடாது. ஒவ்வொரு சோதனையும் ஒரு தடவை உறைந்து இளகிய சேதம். விறைத்துச் சுருண்டிருந்தால் நலம் என்று விட்டுவிட வேண்டும். வெயில் நாளில் தொய்ந்து, கறுத்து, நாற்றம் அடித்தால்தான் இறந்திருக்கிறது.

ஏப்ரல் வாக்கில் டான்டெலியன் துளிர்க்கும்போது புழுவும் வெளியே வரும். தினமும் புது இலை கொடுக்க வேண்டும். மருந்து தெளித்த புல்தரையிலிருந்து பறிக்கக் கூடாது. கொஞ்ச நாள் மேய்ந்தபின் தன் முடியையே உதிர்த்துப் பட்டோடு பின்னிக் கூடு கட்டும். அதன்பின் இரண்டு முதல் நான்கு வாரத்தில் அந்துப்பூச்சி. சிறகை விரித்து உலர்த்த ஒரு குச்சியைச் சாய்த்து வைத்திருக்க வேண்டும், இல்லையென்றால் சிறகு கசங்கியே நின்றுவிடும். சில சமயம் அந்துப்பூச்சிக்குப் பதில் ஈயோ குளவியோ வெளியே வரும். புழு பிடிபடும் முன்பே ஒட்டுண்ணி முட்டையிட்டிருக்கிறது என்று அர்த்தம். வளர்த்தவர் மேல் தவறில்லை.

புழுவைப் பிடிக்காமலே உதவ விரும்புகிறவர்கள் சருகை மட்டும் விட்டுவைத்தால் போதும். இலையுதிர் காலத்தில் புல்வெட்டும் இயந்திரத்தை ஓட்டிச் சருகைத் தூளாக்குவதும், பையில் கட்டிக் குப்பை வண்டிக்குக் கொடுப்பதும் அதற்குள் சுருண்டிருக்கும் புழுக்களையும் சேர்த்தே அழிக்கின்றன. புல்தரையைச் சுத்தமாக வைத்தே ஆக வேண்டுமென்றால் கையால் வாரி, மரத்தடியிலும் வேலியோரத்திலும் ஒரு சாண் உயரத்துக்குப் பரப்பிவிடலாம். வசந்தத்தில் டான்டெலியன் பூக்கும் வரை அந்தச் சருகைக் கிளறாமல் விட வேண்டும்.